பிரேக் பிடிக்கத் தெரிந்தால் பந்தயம் ஜெயிக்கலாம்!

கார் பறந்து வருகிறது.

எதிரே ஒரு வளைவு. ஓட்டுகிறவன் பயந்து போய் விசையை விட்டுவிடுகிறான். கார் சட்டென்று பிரேக் பிடிக்கிறது. அவ்வளவுதான்! காரின் பின்பக்கம் வெளியே வீசுகிறது. கார் பம்பரம் போல் சுற்றுகிறது. பாதையை விட்டுத் துள்ளி, குப்புற விழுகிறது.

ஆனால் யாருக்கும் காயம் இல்லை. ஏன் தெரியுமா?

அந்தக் காரின் நீளம் ஒரு சாண் கூட இல்லை! அதை ஓட்டியவன் பத்து வயதுச் சிறுவன். பந்தயம் நடந்த இடம், அவன் வீட்டுக் கூடம்!

இதுதான் "ஸ்லாட் கார்" பந்தயம். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து விளையாடும் விளையாட்டு.

"ஸ்லாட்" என்றால் பள்ளம். பாதையின் நடுவே நீளமாக ஒரு பள்ளக் கோடு இருக்கும். காரின் அடியில் உள்ள சிறிய நாக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கி இருக்கும். கோடு போகிற வழியில் கார் போகும். பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு உலோகப் பட்டைகள் உண்டு. அவற்றில் வரும் மின்சாரம் காரின் மோட்டாரை ஓட்டுகிறது.

ஓட்டுகிறவன் கையில் துப்பாக்கி போன்ற ஒரு பிடி இருக்கும். அதற்கு "கன்ட்ரோலர்" என்று பெயர். அதன் விசையை அழுத்தினால் கார் ஓடும். விட்டால் நிற்கும்.

பிறந்த கதை

இந்த விளையாட்டை வீடுகளுக்குள் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் பிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர். அவருடைய "மினிமாடல்ஸ்" கம்பெனி 1952-ல் "ஸ்கேலெக்ஸ்" என்ற பொம்மைக் கார்களை விற்றது. அவை சுருள்வில்லால் ஓடும் கார்கள்.

சுருள்வில் கார் தன் இஷ்டத்துக்கு ஓடும். அதை நாம் அடக்க முடியாது. ஆகவே, அவர் அதில் மின்சார மோட்டாரை வைத்தார். 1957-ம் ஆண்டு ஜனவரியில், ஹாரோகேட் நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சியில் அதை வைத்தார். "ஸ்கேலெக்ஸ்ட்ரிக்" என்று பெயர் கொடுத்தார்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது! கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1958-ல், கம்பெனியை "லைன்ஸ் பிரதர்ஸ்" என்ற பெரிய பொம்மைக் கம்பெனிக்கு அவர் விற்றுவிட்டார்.

1960-களின் நடுவில் அமெரிக்காவிலும் இந்த மோகம் பரவியது. ஊருக்கு ஊர் பந்தயக் கூடங்கள் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது. ஆனால் விளையாட்டு மறையவில்லை. இன்றும் சங்கம் வைத்துப் பந்தயம் நடத்துகிறார்கள்.

சிறுவனின் அழுகை

இனி, கார் குப்புற விழுந்த வீட்டுக்கு வருவோம். இது ஒரு வீட்டுக் கதை அல்ல. இந்த விளையாட்டு உள்ள பல வீடுகளில் நடக்கிற கதை.

அப்பாவும் மகனும் போட்டி போடுகிறார்கள். அப்பாவின் கார் விழுவதில்லை. மகனின் கார் வளைவுக்கு வளைவு விழுகிறது. எடுத்து வைப்பதற்குள் அப்பா இரண்டு சுற்று முந்திவிடுகிறார். ஐந்தாவது தடவை விழுந்ததும் சிறுவன் கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிடுகிறான்.

"எனக்கு ஓட்டத் தெரியவில்லை, அப்பா! இனிமேல் நான் விளையாட மாட்டேன்!"

கண்ணில் நீர் முட்டுகிறது. அன்றோடு பெட்டி பரண் ஏறிவிடும்!

குற்றம் சிறுவன் மேல் இல்லை. பிரேக் மேல் இருக்கிறது. அப்பாவுக்குப் பழகிய விரல். விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார். சிறுவன் ஒரேயடியாக விடுகிறான். அப்படி விட்டதும் முழு பிரேக் விழுகிறது. மோட்டார் சுழற்றுவது பின் சக்கரங்களை. ஆகவே பிரேக்கும் பின் சக்கரங்களில்தான் விழும். அவை திடீரென்று நின்றால் பின்பக்கம் வழுக்கத்தானே செய்யும்?

அப்படியானால் பிரேக்கின் வேகத்தைக் குறைக்க முடியுமா?

முடியும்! ஒரே ஒரு திருகு போதும்!

பிரேக் எங்கே இருக்கிறது?

காரைத் திருப்பிப் பார்த்தால் பிரேக் கட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. பிறகு எது பிரேக் பிடிக்கிறது?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து விளக்கை எரியவிட்டால், பெடல் கனக்கிறது அல்லவா? மின்சாரம் சும்மா வராது. அதற்காக நம் கால் கூடுதலாக உழைக்கிறது. அதனால்தான் கனம்.

காரில் நடப்பதும் அதுதான். விசையை விட்டதும் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். ஆனால் கார் ஓடிவந்த வேகத்தில் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும்போது அதுவே ஒரு டைனமோ ஆகிவிடுகிறது!

அந்த நேரத்தில் இரண்டு பட்டைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால், டைனமோ மின்சாரம் அதன் வழியே ஓடும். உடனே மோட்டார் கனத்துவிடும். சக்கரம் நிற்கும். இதுதான் பிரேக்!

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய பொம்மையில் இருக்கும் சிறிய மோட்டாரை எடுங்கள். பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். விரலால் மோட்டாரின் அச்சைச் சுழற்றுங்கள். பிறகு, மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுழற்றுங்கள். இப்போது அச்சு சீக்கிரம் நிற்கும்.

மூன்று ஒயர்கள்

பந்தயக் கன்ட்ரோலரில் மூன்று ஒயர்கள் இருக்கும். அமெரிக்க வழக்கப்படி, வெள்ளை ஒயரில் மின்சாரம் வரும். கறுப்பு ஒயர் ஒரு பட்டைக்குப் போகும். சிவப்பு ஒயர் மற்றொரு பட்டைக்குப் போகும். அந்தச் சிவப்புதான் பிரேக் ஒயர்!

விசையோடு ஒரு சிறிய உலோகக் கை அசையும். விசையை அழுத்தினால் அந்தக் கை வெள்ளைப் பக்கம் நகரும், கார் ஓடும். விசையை விட்டால் கை பின்னுக்கு வந்து சிவப்பைத் தொடும், பிரேக் விழும்.

சிவப்பு ஒயரின் நடுவே ஒரு மின்தடைத் திருகை வைத்தால் என்ன ஆகும்? திருகைத் திருப்பத் திருப்ப, டைனமோ மின்சாரத்தின் வழியில் தடை கூடும். மின்சாரம் குறையும். பிரேக் மென்மையாகும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல, பிரேக்கைக் கூட்டிக் குறைக்கலாம்!

செய்வது எப்படி?

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கன்ட்ரோலரைப் பாதையிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு மூடியைத் திறக்க வேண்டும். விசையை விட்ட நிலையில் உலோகக் கை எந்த முனையைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த முனையிலிருந்து வரும் ஒயர்தான் பிரேக் ஒயர். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம்.

வாங்க வேண்டியது 25 ஓம் மின்தடைத் திருகு. கம்பி சுற்றியதாகவும், சில வாட் சூட்டைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். ரேடியோவில் உள்ள திருகு உதவாது. அதன் தடை ஆயிரக்கணக்கான ஓம். அதை வைத்தால் பிரேக்கே இருக்காது. தடையைக் குறைத்துத் திருப்பினால் கருகிவிடவும் கூடும்.

திருகில் மூன்று முனைகள் இருக்கும். பிரேக் ஒயரை வெட்டி, ஒரு துண்டை நடு முனையிலும், மற்றொன்றை ஓர முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மூன்றாவது முனை வேண்டாம். பற்றவைத்த இடங்கள் ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்ற வேண்டும். கைப்பிடியில் துளை போட்டுத் திருகைப் பொருத்தினால் வேலை முடிந்தது!

ஜாக்கிரதை! ஈயம் பற்றவைக்கும் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். வெள்ளை ஒயரைச் சிவப்பு என்று எண்ணி மாற்றிவிட்டால், பிரேக் ஓடாது, புகைதான் வரும்! மின்சாரம் வரும் ஒயரில் ஒரு பியூஸ் இருப்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். இந்தத் திருகு பிரேக்கைக் குறைக்கத்தான் செய்யும். முன்பு இருந்ததைவிட அதிகமாக்காது. மேலும், இப்போது வரும் "டிஜிட்டல்" பெட்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். காருக்குள் இருக்கும் கருவியே வேகத்தைக் கவனித்துக்கொள்ளும்.

எவ்வளவு பிரேக் வேண்டும்?

முதலில் முழு பிரேக்கில் வைத்துப் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். பின்பக்கம் வீசினால் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மறுபடி பத்துச் சுற்று. கார் வளைவில் நிற்காமல் நேராகப் பாய்ந்தால், தளர்த்தியது அதிகம். கொஞ்சம் திரும்ப வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும். அதுதான் அந்தக் காருக்கும் அந்தக் கைக்கும் ஏற்ற இடம்!

திருகைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு போட்டுக்கொள்ளலாம். எந்தக் காருக்கு எந்தக் கோடு என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். கனமான காருக்குக் கூடுதல் பிரேக் வேண்டியிருக்கும். பழகாத கைக்குக் குறைந்த பிரேக் போதும்.

பொம்மையில் மட்டும்தானா?

மோட்டாரே டைனமோவாக மாறிப் பிரேக் பிடிக்கும் இந்த வித்தையை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் 2015-ம் ஆண்டு முதல் ஓடும் மெட்ரோ ரயிலும் இப்படித்தான் பிரேக் பிடிக்கிறது! ஒரு வித்தியாசம் உண்டு. பொம்மைக் காரில் அந்த மின்சாரம் சூடாகி வீணாகிறது. மெட்ரோ ரயிலில் அது மறுபடியும் மின்பாதைக்கே போய்ப் பயன்படுகிறது.

மீண்டும் அந்தக் கூடத்துக்குப் போவோம்.

அப்பா திருகை வைத்துக் கொடுத்துவிட்டார். மகன் மூன்றாவது கோட்டில் வைத்து ஓட்டுகிறான். வளைவு வருகிறது. வழக்கம் போல விசையை ஒரேயடியாக விடுகிறான். கார் மெல்லத் தணிந்து, வளைந்து, அடுத்த பக்கம் போய்விடுகிறது!

நாள் போகப் போக அவன் விரல் பழகும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவான். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருவான். ஒரு நாள் அப்பாவையே முந்துவான்.

வேகமாக ஓட்ட யாராலும் முடியும். விசையை அழுத்தினால் போதும். எங்கே, எவ்வளவு அடக்குவது என்று தெரிந்தவனே பந்தயத்தை முடிக்கிறான். அதைக் கற்றுக்கொள்ளும் வரை, பிள்ளைக்கு ஏற்றபடி திருகைத் தளர்த்தி வைப்பது பெரியவர்களின் வேலை!