கைவேலை ரைபிளா, ஆலை ரைபிளா?

கைவேலையா, யந்திரமா என்னும் வழக்கு சிவகாசிக்குப் பழையது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், யந்திர ஆலைகளின் போட்டிக்கு நடுவே கைத்தொழிலாகவும் இங்கு வேரூன்றிற்று. வேட்டை ரைபிள் விஷயத்திலும் இவ்வழக்கு உண்டு.

குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்த ஜிம் கார்பெட் துரைக்கு 1907-ல் லண்டன் ரிக்பி கம்பெனியாரின் ரைபிள் பரிசாகக் கிடைத்தது. 1930-ல் சௌகட் பெண்புலி எதிர்ப்பட்டபோது அவர் இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கை ஒன்றினாலேயே அந்த இலேசான ரைபிளைத் திருப்பிச் சுட்டு உயிர் தப்பினார். நம் சேலம் ஜில்லாக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சனோ அமெரிக்க வின்செஸ்டர் ஆலையின் ரைபிளையே நம்பினார். அவரும் ஆட்கொல்லிகளை வீழ்த்தினார்.

ஆனால் ரிக்பியின் உட்பொறியும் ஜெர்மனியின் மௌஸர் ஆலையில் பிறந்ததே. லண்டன் கைவினைஞர் அதைப் பொருத்தி இழைத்து முடித்தனர். ஆகவே பொறியை ஆலையிடம் விட்டு, தோளில் அணைக்கும் கட்டையை மட்டும் ஆளுக்கேற்பச் செய்துகொள்வதே சிக்கனமும் விவேகமும் என்போம். கட்டை பொருந்தாவிடில் குறி தவறும். சம்பாவத் பெண்புலி ஆட்கொல்லியானது, முன்பு யாரோ சுட்ட குண்டில் அதன் பற்கள் உடைந்ததனால் அன்றோ!

1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை விளையாட்டு ஒடுங்கத் தொடங்கிற்று. விருதுநகர் ஜில்லாவின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் 2021 முதல் புலிகள் காப்பகம். இன்று லைசென்ஸ் பெற்றுப் பழகுவோர் சுடுவது அட்டைக் குறியையே. குறி தவறினால் அட்டை ஆட்கொல்லி ஆகாது. ஆயினும் பொருந்தாத கட்டையின் உதையைத் தோள் மறவாது.