கூடுதல் தவணையும் குடும்பச் செலவும்: வீட்டுக்கடன் பெற்றவர்கள் அறிய வேண்டியவை

வீட்டுக்கடனை உரிய காலத்துக்கு முன்பே அடைத்துவிட வேண்டும் என்ற விருப்பம் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில் வலுவாக உள்ளது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விருப்பம் பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும் கடனைக் குறைக்கும் அவசரத்தில் கையிருப்பு முழுவதையும் வங்கியில் கட்டிவிட்டு, பின்னர் ஒரு மருத்துவச் செலவையோ வேலையிழப்பையோ சமாளிக்க அதைவிடப் பல மடங்கு வட்டிக்கு வேறு கடன் வாங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்ததாகக் கருதிய தொகை கரைந்துவிடுகிறது. எனவே கூடுதலாகக் கட்டுவதில் கடனாளருக்கு உள்ள உரிமை எது, அதில் மறைந்திருக்கும் இடர் எது, நெருக்கடி வந்தால் சட்டம் தரும் தீர்வு எது என்பவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே அந்த முடிவை எடுப்பது நன்று.

வட்டி குறையும் விதம்

இ.எம்.ஐ. என வழங்கப்படும் மாதத் தவணை, அந்த மாத வட்டியும் அசலின் ஒரு சிறு பகுதியும் சேர்ந்த தொகையாகும். நிலுவையில் உள்ள அசலுக்கே வட்டி கணக்கிடப்படுவதால், தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. 30 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளில் அடைப்பதாக வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாயாக அமையும். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டியாகப் போக, 4,785 ரூபாய் மட்டுமே அசலில் கழியும். வட்டி விகிதம் மாறாமல் இறுதிவரை கட்டினால், வட்டி மட்டுமே 32 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

இதே கடனில் முதல் மாதத்திலிருந்து 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவந்தால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் ஏறக்குறைய 201 மாதங்களில் முடிந்து, 6 லட்சம் ரூபாய்க்கு மேல் வட்டி மிஞ்சும். மொத்தமாகக் கட்டும் தொகையின் பயன், அதைக் கட்டும் காலத்தைப் பொறுத்து வேறுபடுகிறது. தவணையை மாற்றாமல் முதலாண்டின் முடிவில் ஒரு லட்சம் ரூபாய் கட்டினால் ஏறக்குறைய 3.7 லட்சம் ரூபாய் வட்டி குறையும். அதே தொகையைப் பத்தாம் ஆண்டின் முடிவில் கட்டினால் 1.27 லட்சம் ரூபாய் அளவுக்கே குறையும்.

கடனாளரின் உரிமை

மாறும் வட்டி என்பது சந்தை நிலவரத்துக்கேற்ப ஏறி இறங்கும் வட்டி. ஒப்பந்தத்தில் குறித்த காலம்வரை மாறாதிருப்பது நிலை வட்டி. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கிய தனிநபர்களிடம் முன்கூட்டி அடைப்பதற்காக அபராதம் வாங்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில் இப்பாதுகாப்பை அது மேலும் விரிவாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தொழில் நோக்கம் இல்லாத தனிநபர் கடன் மாறும் வட்டியில் இருந்தால், அதைப் பகுதியாகக் கட்டினாலும் முழுவதுமாகக் கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும், கடன் வாங்கி எவ்வளவு காலமாகியிருந்தாலும் கட்டணம் வசூலிக்க முடியாது. வட்டி குறைவான வேறொரு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்வோருக்கும் இது பொருந்தும். நிலை வட்டிக் கடன் வாங்கியவர்களோ, பணம் கட்டும் முன்பே கடன் அனுமதிக் கடிதத்தையும், கடனின் எல்லாக் கட்டணங்களையும் தொகுத்துக் காட்டும் முக்கிய விவர அறிக்கையையும் படித்துப் பார்ப்பது அவசியம்.

கூடுதல் தொகையைக் கட்டும்போது, அது அசலில் கழிக்கப்பட வேண்டிய பகுதி முன்செலுத்தம் என்று எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெறுவது நன்று. இல்லையேல் அந்தத் தொகை அசலைக் குறைக்காமல், வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாகக் கணக்கில் நின்றுவிடக்கூடும். தவணை மாறாமல் காலம் குறைய வேண்டுமா, காலம் மாறாமல் தவணை குறைய வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதலாண்டு முடிவில் கட்டிய ஒரு லட்சத்துக்குக் காலத்தைக் குறைத்தால் 3.7 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் அளவுக்குச் சுமை இறங்கினாலும், மொத்தத்தில் ஒரு லட்சம் ரூபாய் அளவுக்கே வட்டி மிஞ்சுகிறது. நிலையான வருமானம் உள்ளவருக்கு முதல் வழி இலாபமானது. வருமானம் ஏறி இறங்கும் தொழில் செய்பவருக்கு, கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகையைக் குறைத்து வைக்கும் இரண்டாம் வழியே பாதுகாப்பானது.

மறைந்திருக்கும் இடர்

வழக்கமான வீட்டுக்கடனில் அசலில் கழிந்த பணத்தை, தேவைப்படும்போது திரும்பக் கேட்க முடியாது. அதைவிட முக்கியமாக, நேற்றுவரை எவ்வளவு கூடுதலாகக் கட்டியிருந்தாலும் அடுத்த மாதத் தவணையைக் கட்டாமலிருக்க அது உரிமை தருவதில்லை. ஐந்து லட்சம் ரூபாயை மார்ச் மாதத்தில் அசலில் கட்டி, ஏப்ரலில் வேலை இழந்த ஒருவர், மே மாதத் தவணையைத் தவறவிட்டால் அவரும் தவணை தவறியவராகவே பதிவாவார்; அவருடைய கடன் மதிப்பெண் குறையும்; நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். கடனை முழுவதுமாக அடைக்கும்வரை, குடும்பத்தைப் பாதுகாப்பது ஒவ்வொரு மாதமும் தவணை கட்டக் கையில் இருக்கும் பணமே தவிர, ஏற்கெனவே கட்டி முடித்த பணம் அன்று.

இந்த இடரைத் தவிர்க்க விரும்புவோருக்குச் சில வங்கிகள் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனை வழங்குகின்றன. கடன் கணக்கோடு இணைந்த கணக்கில் உபரிப் பணத்தைப் போட்டு வைத்தால், அது அங்கிருக்கும் நாட்களுக்கு மட்டும் வட்டி குறையும்; வேண்டியபோது அதை எடுத்துக்கொள்ளலாம். இவ்வகைக் கடனில் வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதால், உபரிப் பணம் தொடர்ந்து கையில் இருப்பவர்களுக்கே அது ஏற்றது.

வரவு செலவில் முன்னுரிமை

கூடுதல் தவணைக்கு முன் ஒதுக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, அதிக வட்டிக் கடன்களை அடைப்பது: பல கடன் அட்டைகளில் நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறுகிறது; அதை வைத்துக்கொண்டு 8.5 சதவீத வட்டிக் கடனைக் குறைப்பது நட்டக் கணக்கு. இரண்டாவது, அவசரகால இருப்பு. தவணையையும் சேர்த்து மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலோ எளிதில் முறிக்கக்கூடிய வைப்புத்தொகையிலோ வைத்திருப்பது இதன் பொருள். மூன்றாவது, மருத்துவக் காப்பீடும், சம்பாதிப்பவர் இறந்தால் கடனை அடைக்கப் போதுமான கால ஆயுள் காப்பீடும். வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாமே குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்வரை கழிவு பெறும் வாய்ப்பு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு என்பதால், புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு வட்டியின் முழுச் சுமையும் கையிலிருந்தே போகிறது. அவர்களுக்குக் கூடுதல் தவணையின் பயன் சற்று அதிகம்.

மாதம் 70,000 ரூபாய் வருமானமும், 26,000 ரூபாய் தவணையும், 30,000 ரூபாய் வீட்டுச் செலவும் உள்ள ஒரு குடும்பத்தில் 14,000 ரூபாய் மிஞ்சுவதாகக் கொள்ளலாம். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், தீபாவளித் துணிமணி, உறவினர் வீட்டு மொய் எனத் தேதி தெரிந்தே வரும் செலவுகளுக்கு மாதம் 4,000 ரூபாயையும், திரைப்படம், ஹோட்டல் சாப்பாடு, சிறு பயணம் போன்ற மகிழ்ச்சிச் செலவுகளுக்கு 2,000 ரூபாயையும் ஒதுக்கினால் 8,000 ரூபாய் எஞ்சும். அதை முதலில் அவசரகால இருப்பில் சேர்த்துவந்தால், மூன்று மாதச் செலவுக்கான 1,68,000 ரூபாய் 21 மாதங்களில் சேர்ந்துவிடும். போனஸ் போன்ற தொகைகள் வந்தால் இன்னும் விரைவில் சேரும். அதன் பிறகு அந்த 8,000 ரூபாயில் பாதியைக் கூடுதல் தவணைக்கும் பாதியை இருப்பை வளர்ப்பதற்கும் பிரிக்கலாம்.

மகிழ்ச்சிச் செலவுக்கு வெளிப்படையாக ஒரு தொகையை ஒதுக்குவது ஊதாரித்தனம் அன்று. பதினைந்து, இருபது ஆண்டுகள் நீடிக்கும் கடனுக்காக வீட்டிலுள்ளவர்களின் எல்லாச் சிறு விருப்பங்களையும் தள்ளிப்போடும் திட்டம் நீண்ட நாள் நிலைப்பதில்லை; அது ஒரு பண்டிகைக் காலத்தில் உடையும்போது, திட்டமிடாத செலவு பெரும்பாலும் கடன் அட்டையிலோ தவணைக் கொள்முதலிலோ போய்ச் சேர்கிறது. எதிர்பாராத செலவு வந்த மாதத்தில் கூடுதல் தவணையை மட்டும் நிறுத்திவைத்து, வழக்கமான தவணையைத் தவறாமல் கட்டுவது தோல்வி ஆகாது. கூடுதல் தவணை கடனாளரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதே அதன் பெரிய வசதி.

வட்டி ஏறும் காலம்

2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, வீட்டுக்கடன் வட்டியும் ஏறியதால், பல கடனாளர்களின் தவணை மாறாமல் கடன் காலம் மட்டும் நீண்டுகொண்டே போனது. 30 லட்சம் ரூபாயை 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்கு வாங்கியவரின் தவணை 22,811 ரூபாய்; கடன் புதிதாக இருக்கும்போதே வட்டி 9.25 சதவீதமானால், மாத வட்டி மட்டுமே 23,000 ரூபாயைத் தாண்டும். அதாவது தவணை முழுவதும் போயும் வட்டி தீராமல், கடன் வளரத் தொடங்கும். இதைத் தடுக்கவே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கை, வட்டி மாறும்போது அதன் விளைவைக் கடனாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், தவணையை உயர்த்துவது, காலத்தை நீட்டுவது, இரண்டையும் கலந்து செய்வது, பகுதியாகவோ முழுதாகவோ முன்கூட்டிக் கட்டுவது ஆகிய வாய்ப்புகளை அளிக்க வேண்டும் என்றும் பணித்தது. இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெறவும் கடனாளருக்கு உரிமை உண்டு. 2025இல் ரெப்போ விகிதம் குறைக்கப்பட்டதைப் போன்ற காலங்களில், வட்டி குறைந்தும் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுவது, குடும்பச் செலவைத் தொடாமல் கூடுதலாகக் கட்டுவதற்குச் சமமாகும்.

தவணை கட்ட இயலாதபோது

வருமானம் தடைப்படும் என்று தெரிந்த உடனே, தவணை தவறுவதற்கு முன்பே, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துத் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கோருவது முதல் படி. தாமதத்துக்கு விதிக்கப்படும் தண்டக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் மீண்டும் வட்டி போடக் கூடாது. நிலுவையை வசூலிக்க வரும் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மிரட்டுவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் அவர்களுக்கு உரிமை இல்லை.

கடன் வாராக்கடனாகிவிட்டால், சர்ஃபாசி எனப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நீதிமன்றத்தின் வழியே செல்லாமல் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன் 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு தர வேண்டும். கடனாளர் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் காரணங்களுடன் பதில் அளிக்க வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இச்சட்டம் பொருந்தாது. அப்போது வங்கி வேறு சட்ட வழிகளையே நாட வேண்டும்.

முறையிடும் வழி

முன்செலுத்தக் கட்டணம் வாங்குதல், கட்டிய தொகையை அசலில் கழிக்காமை போன்ற குறைகளை முதலில் வங்கியிடமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காலம் தாழ்த்தாமல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையவழியிலோ அஞ்சலிலோ முறையிடலாம். கடன் கொடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால், தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் செய்ய வேண்டும்.

கடன் முழுவதும் அடைந்த பின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பத்திரங்களோடு நிலுவையில்லாச் சான்றையும் பெற்று, உரிமை ஆவண ஒப்படைப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்து, வில்லங்கச் சான்றில் அந்த ரத்து பதிவாகியிருப்பதைச் சரிபார்ப்பது நல்லது.

மொத்தத்தில், கூடுதல் தவணையைக் கடனாளர் விரும்பியபோது தொடங்கவும் விரும்பியபோது நிறுத்தவும் முடியும். வழக்கமான தவணையிலோ அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே நெருக்கடிக்கான இருப்பையும், தெரிந்த செலவுகளையும், குடும்பத்தின் சிறு மகிழ்ச்சிகளையும் ஒதுக்கிய பிறகு எஞ்சும் தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அதைத் தொடக்க ஆண்டுகளிலேயே தவறாமல் கட்டிவருவதுதான் வட்டியையும் குறைத்து வீட்டையும் காக்கும் வழி.