டாக்டர் சீட்டு இருந்தால் போதுமா? வெளிநாட்டுக்கு மாத்திரை எடுத்துச் செல்லும் முன் கவனிக்க வேண்டியவை

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் நாலாவது ஸ்டாப் திரிசூலம். எதிரிலேயே சென்னை விமான நிலையம். துபாய், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் பெட்டியில் ஊறுகாய், பருப்புப் பொடியோடு மூன்று மாத மாத்திரையும் இருக்கும். ‘டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே, யார் கேட்கப்போறாங்க?’ என்று நினைப்பதில்தான் சிக்கல்.

என்ன ஆகும்?

2017-ல் 290 டிராமடால் வலி மாத்திரைகளோடு எகிப்தில் பிடிபட்டார் ஒரு பிரிட்டன் பெண். அங்கிருந்த தன் துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் மாத்திரைதான்; எகிப்தில் கிடைத்தது 3 ஆண்டு சிறைத் தண்டனை.

எந்த மருந்துகளில் கவனம்?

சுகர், பிரஷர் மாத்திரைகளுக்குப் பொதுவாகப் பிரச்சினை வராது. டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவற்றில்தான் உஷார் தேவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு ஆன்லைனில் முன்அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூரில் மருந்தையும் அளவையும் பொறுத்து சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளுக்கு ஜப்பானில் தடை. குருமாவுக்குப் போடும் கசகசாவும் அபின் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் தடைதான்.

கிளம்பும் முன்...

* அட்டையில் பெரிதாக இருக்கும் பிராண்ட் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரை வைத்து, போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் பாருங்கள். அனுமதி தேவையென்றால் சில வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள்.
* மூலப்பொருள் பெயர், அளவு, என்ன நோய் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். அதிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.
* மாத்திரைகளை அட்டையோடே வையுங்கள், டப்பாவில் கொட்டாதீர்கள்.
* இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் உறைந்தால் வீணாகிவிடும். ஊசிக்கும் டாக்டர் கடிதம் வேண்டும்.
* இன்சுலின் பம்ப், சுகர் சென்சார் பொருத்தியிருந்தால் ஸ்கேனருக்கு முன்பே சொல்லி, கையால் சோதிக்கக் கேளுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டு மாமா ‘என் பையன்கிட்ட கொடுத்துடுங்க’ என்று நீட்டும் மருந்துப் பார்சல். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. பெட்டி மட்டும் உங்களுடையது. சங்கடமாக இருந்தாலும், ‘இல்லீங்க மாமா’ என்று சொல்லிவிடுவதே நல்லது.