திசுவுக்குள் ஒரு விண்மீன்

வெங்காயத் தோலை மெல்லியதாக உரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஏன் உரிக்க வேண்டும்? வெங்காயத்தை அப்படியே வைத்து, ஆழத்தில் உள்ள செல்லைப் பார்த்தால் என்ன? ஒன்றும் தெரியாது, ஒரே மங்கல்தான். அதனால்தான் உயிரியலார் நெடுங்காலமாகத் திசுவைச் சீவி எடுத்தோ, செல்களைக் கண்ணாடியில் தனியே வளர்த்தோ பார்த்து வந்தனர். ஆனால் அண்டை அயல் இன்றிக் கண்ணாடியில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் செல், உடலுக்குள் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் என்பதற்கு என்ன உறுதி?

மங்கலின் காரணத்தைப் பார்ப்போம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. செல்லின் உட்பொருளுக்கு இது சற்று அதிகம்; கொழுப்புக்கு இன்னும் அதிகம். எண் கூடினால் ஒளியின் வேகம் குறையும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 10 மைக்ரான் தடிப்புள்ள செல்லின் வழியே ஒரு கதிரும், பக்கத்தில் நீரின் வழியே இன்னொரு கதிரும் செல்கின்றன. எண்களின் வேறுபாடு 0.03 எனக் கொண்டால், முதற்கதிர் 10 × 0.03 = 0.3 மைக்ரான் பின்தங்கும். பச்சை ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 0.5 மைக்ரான்தான்! பின்தங்கல் கால் அலைநீளத்தைத் தாண்டினாலே பிம்பம் கெடத் தொடங்கும் என்பது ராலே வகுத்த அளவுகோல். இங்கோ ஒரே செல்லில் அரை அலைநீளத்துக்கும் மேல். பல செல்களைக் கடந்து வரும் அலைமுகப்பு கசங்கிய துணிபோல் ஆகிவிடும். வில்லையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வானியலாருக்கும் இதே தொல்லை உண்டு. காற்று மண்டலம் அலைமுகப்பைக் கசக்குவதால்தான் விண்மீன்கள் மினுக்குகின்றன. 1953இல் அமெரிக்க வானியலார் ஹோரஸ் பாப்காக் ஒரு வழி கூறினார்: விண்மீனின் ஒளியைக் கொண்டே கசங்கலை அளந்து, அதை ஈடுசெய்யுமாறு ஆடியின் பரப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் பின்தங்கிய இடத்தில் ஆடி 0.15 மைக்ரான் மேடானால் போதும். ஒளி வந்து திரும்புவதால் ஈடு இரு மடங்காகிவிடும். தகவமைப்பு ஒளியியல் எனப்படும் இம்முறை இன்று பெரிய தொலைநோக்கிகளில் வழக்கமாகிவிட்டது.

சரி, திசுவுக்குள் விண்மீனுக்கு எங்கே போவது? நாமே உண்டாக்க வேண்டியதுதான். 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் ஆகியோர் இரட்டைப் போட்டான் நுண்ணோக்கியை உருவாக்கினர். அகச்சிவப்பு லேசர் துடிப்புகள் குவியும் புள்ளியில் மட்டுமே சாய மூலக்கூறு இரண்டு போட்டான்களை ஒருங்கே விழுங்கி ஒளிரும், வழியில் ஒளிராது. ஆக, விரும்பிய ஆழத்தில் ஒரு சிறு விண்மீன் கிடைத்துவிட்டது. அதன் ஒளி வெளியேறும்போது திசுவின் கசங்கலையும் சுமந்து வரும். அதைச் சிறு வில்லைகளின் வரிசைமீது விழச் செய்கிறார்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு புள்ளியைக் குவிக்கும். புள்ளி இடம் விலகினால், அங்கே அலைமுகப்பு சாய்ந்துள்ளது என்று பொருள். கணிப்பொறி கணக்கிட, ஆடி அதற்கேற்ப நெளிகிறது.

2018இல் எரிக் பெட்சிக் குழுவினர் இம்முறையை மெல்லிய ஒளித்தகடு கொண்ட நுண்ணோக்கியுடன் இணைத்து, உயிருள்ள வரிக்குதிரை மீனின் குஞ்சுகளை ஆராய்ந்தனர். (நம் நாட்டு ஓடைகளிலும் வாழும் சிறு மீன்தான்.) வெறுங்கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெரியும் அக்குஞ்சும் ஒளியைக் கசக்கவே செய்கிறது. திருத்தியபின், அதன் உட்செவியில் ஒரு நோயெதிர்ப்புச் செல் ஊர்ந்தபடியே சர்க்கரைத் துகள்களை அள்ளிக்கொள்வதைக் கண்டனர்.

ஆனால் ஓர் இடத்துக்குச் செய்த திருத்தம் சற்றுத் தள்ளிப் பொருந்தாது. மீண்டும் அளக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒளிச்சிதறல். கசங்கிய அலையை நேராக்கலாம். பன்முறை மோதித் திசைமாறிய ஒளியை இந்த ஆடியால் மீட்க இயலாது. சுண்டெலியின் மூளையில் இரட்டைப் போட்டான் முறையில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தை எட்டுவதே பெரும்பாடு. அலைநீளம் கூடினால் சிதறல் குறையும் என்பதால், இன்னும் நீண்ட அகச்சிவப்பு அலைகளையும், மூன்று போட்டான்களை ஒருங்கே விழுங்கும் நிகழ்ச்சியையும் இப்போது இந்த நெளியும் ஆடியுடன் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறார்கள்.