சத்தமில்லாமல் தங்கும் வைரஸ்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பெரும்பாலும் நடுத்தர வயதில் வருவது. அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை, 2017 முதல் கண்டி உட்பட நாடெங்கும் தரம் 6 மாணவியருக்குப் போடுகிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

வைரஸ் நுழைந்துவிட்டால் நம் உயிரணு இன்டர்பெரானைச் சுரந்து அக்கம்பக்கத்து அணுக்களை உஷார்ப்படுத்தும். அதற்குரிய மரபணுக்களை முடுக்கிவிடுபவை ஐ.ஆர்.எஃப். எனும் புரதங்கள். எச்.பி.வி. 16 எனும் வகையின் ஈ6 புரதம் ஐ.ஆர்.எஃப். 3ஐப் பிடித்து முடக்குகிறது. ஈ7 புரதம் ஐ.ஆர்.எஃப். 1ஐ. சங்கு ஊதுகிறவரின் கையைக் கட்டிப்போட்டால் லயத்தில் யாருக்குத் தெரியும், ஆபத்து வந்தது?

ஈ7 அதோடு விடுவதில்லை. நோயெதிர்ப்பு மரபணுக்கள் சிலவற்றின் மேல் மீத்தைல் எனும் சிறு வேதிக்குறிகள் ஏறும்படி செய்கிறது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் அது வேலை செய்யாது. வைரஸின் துணுக்குகளை வெளியே காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களும் இப்படி அடங்கிப்போகின்றன. அணு கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53ஐ அழிப்பதும் இதே ஈ6தான், ஆர்.பி. புரதத்தை முடக்குவதும் இதே ஈ7தான். கட்டியை வளர்ப்பதும் காவலை அடக்குவதும் ஒரே கைகள். என்ன சிக்கனம்!

இந்த எச்.பி.வி. 16 வகையை 1983இல் அடையாளம் கண்ட ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் இத்தொற்றை வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். காய்ச்சலோ வலியோ இராது. ஆகவே “எனக்கு ஒரு கோளாறும் இல்லை” என்பது இங்கே சான்றாகாது.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸை வாசலிலேயே மறிக்கும். உள்ளே புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யா. தொற்று நெருங்கும் முன்பே போடுவது அதனால்தான்.

தாய்மாருக்குப் பரிசோதனைதான் வழி. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் வெல் வுமன் கிளினிக்குகளில் 35, 45 வயதுப் பெண்களுக்கு இலவசமாகக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்கிறார்கள். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, கிளினிக் போகும் நாள் சம்பளம் இழக்கும் நாளாகக் கூடாது. தோட்ட நிர்வாகங்கள் அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும்.