பாட்டுக்கு அனுமதி, செய்திக்குத் தடை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகர மனமில்லாமல் விழுப்புரம் மாவட்டத்தின் தலைமேல் நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அடுத்து சாத்தனூர் அணையின் உபரி நீர் தென்பெண்ணையை நிரப்பியது. இவையெல்லாம் தொலைக்காட்சியில் வந்தன. ஆனால் மயிலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே இருக்கும் செஞ்சி வட்டாரத்துக்காரருக்கு இப்படியான நாளில் தேவைப்படுவது வேறு வகைச் செய்தி. எந்த ஏரியின் கலங்கலில் தண்ணீர் போகிறது, எந்தத் தரைப்பாலம் மூழ்கியிருக்கிறது, திண்டிவனம் பஸ் ஓடுகிறதா, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாளை நெல் எடுப்பார்களா என்பதெல்லாம் சென்னை ஸ்டுடியோக்களுக்கு மிகச் சின்ன விஷயம். அதைச் சொல்வதற்கென்றே அமைந்த கருவி சமுதாய வானொலி. 100 வாட் சக்தி, 30 மீட்டருக்கு மிகாத கம்பம், ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும் அலை. நிலையத்தில் ஒரு ஜெனரேட்டரும் கேட்பவர் வீட்டில் நாலு பேட்டரியும் இருந்தால், கரண்ட் போன ராத்திரியிலும் பேசும்.

பேசும்தான், ஆனால் செய்தி சொல்லக் கூடாது. மத்திய அரசின் விதிப்படி சமுதாய வானொலி ஒலிபரப்பக் கூடிய ஒரே செய்தி ஆகாசவாணியின் செய்தி. வேண்டுமானால் வட்டார மொழியில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது, ஆகாசவாணி வாசித்ததை அப்படியே மறு ஒலிபரப்பு செய்ய வேண்டும். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவை செய்தியாகக் கருதப்படாது என்று விதி தாராளம் காட்டுகிறது. குடிநீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அங்கே ஒரு கொக்கி இருக்கிறது: அவை உள்ளூர் நிர்வாகம் தந்த தகவலாக இருக்க வேண்டும். ஏரிக்கரை உடைவதை ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும், தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் வரும்வரை மைக்கின் முன் இருப்பவர் பாட்டுப் போடலாம், அவ்வளவுதான். உடைந்ததற்கு யார் காரணம் என்று கேட்பது அதற்கு அடுத்த கட்டம். அதற்கு இடமே இல்லை.

இந்தத் தடையின் வேர் 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தில் இருக்கிறது. தந்தி அனுப்பும் தனியுரிமை அரசுக்கே என்றது அது. கம்பியில்லாத் தந்தியும் வானொலியும் பின்னால் அதே குடைக்குள் வந்தன. அந்தக் குடைக்குள்ளும் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. சென்னையில் 1924லேயே ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பு செய்தது; பணமில்லாமல் அது நின்றுபோக, 1930 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததோடு அந்த உள்ளூர் முயற்சி முடிந்தது. விடுதலைக்குப் பிறகும் ஏகபோகம் தொடர்ந்தது. ஒரு கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில்தான் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து, அரசு அவற்றுக்குச் சொந்தக்காரர் அல்ல, பொதுநலன் கருதி அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு வேண்டும் என்றது தீர்ப்பு. எஃப்.எம். ஏலமும் சமுதாய வானொலியும் அதற்குப் பின் வந்தவை. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல் கதவு திறந்தது. செய்திக்கான கதவு மட்டும் பூட்டியே கிடக்கிறது.

ஒழுங்குமுறையே கூடாது என்பது என் வாதம் அல்ல. அலைவரிசை அளவானது, இரண்டு பேர் ஒரே அலையில் பேசினால் இருவர் குரலும் கேட்காது. எனவே உரிமம் வேண்டும், சக்திக்கு வரம்பு வேண்டும். செஞ்சியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோட்டையின் ராஜகிரிக் குன்று உச்சியில் ஆன்டெனா வைத்தால் அலை வெகுதூரம் போகும் என்று யாருக்கும் ஆசை வரும். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும் என்கிறது சட்டம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்ட கோட்டை அது. இந்த விதி யாருடைய வாயையும் மூடவில்லை, கம்பத்தைத் தள்ளி நடு என்கிறது. காரணமும் தெளிவு, எல்லையும் தெளிவு. செய்தித் தடையோ அலையைப் பற்றியது அல்ல. அதே 100 வாட்டில் சினிமாப் பாட்டு போனாலும் பேரூராட்சிக் கூட்டத்தின் செய்தி போனாலும் அலைக்கு ஒன்றுதான்.

அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு. உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில், ஒவ்வொரு நிலையத்தின் செய்தியையும் கண்காணிக்க வழியில்லை, அதனால் ஆபத்து என்று வாதிடப்பட்டது. ஆனால் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று சமுதாய வானொலி விதியே கட்டளையிடுகிறது. புகார் வந்தால் கேட்டுப் பார்த்து நடவடிக்கை எடுக்கலாம். நூற்றுக்கணக்கான தொலைக்காட்சிச் சேனல்கள் நாள் முழுக்கச் செய்தி சொல்கின்றன. அவற்றைக் கண்காணிக்க 2008 முதல் ஒரு மத்திய மையமே இருக்கிறது. நாளிதழை அச்சுக்கு முன் யாரும் படித்து ஒப்புதல் தருவதில்லை. யூடியூபில் செய்தி சொல்ல உரிமமே வேண்டாம். பத்துக் கிலோமீட்டர் எட்டும் குரல்தான் நாட்டுக்கு ஆபத்து என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ருவாண்டாவிலிருந்து வருகிறது. 1994இல் அங்கே ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி இனப்படுகொலைக்குத் தூபம் போட்டது; அதன் நிறுவனர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது. சாதிப் பகை நெருப்பாய்ப் புகையும் நம் ஊர்களில் வானொலியைத் திறந்துவிடலாமா என்று கேட்பவர்களின் பயம் பொய்யல்ல. ஆனால் அந்த நிலையம் ஆட்சிக்கு நெருக்கமானவர்களின் ஆதரவில் நடந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதை எதிர்த்துப் பேசப் போதிய குரல்கள் இல்லாததுதான் பெரிய குறை. பகை மூட்டும் பேச்சைத் தண்டிக்க நம்மிடம் குற்றவியல் சட்டம் இருக்கிறது. அது நாவுக்கும் தாளுக்கும் வானொலிக்கும் பொது. நேபாளத்தில் 1997இல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா போன்ற சமுதாய நிலையங்கள் செய்தி சொல்கின்றன. 2005இல் மன்னர் ஆட்சியைக் கைப்பற்றியதும் எஃப்.எம். செய்தியைத் தடை செய்தார், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்றது. இலங்கையில் சூரியன், சக்தி எஃப்.எம்.களின் தமிழ்ச் செய்தி அன்றாட வழக்கம், அதுவும் கால் நூற்றாண்டுப் போர் கண்ட நாட்டில்.

அப்படியே அனுமதித்தாலும் கட்சிக்காரர்கள் கைப்பற்றிவிடுவார்கள் என்பது இன்னொரு பேச்சு. சமுதாய வானொலியைக் கட்சிகளும் தனிநபர்களும் இலாப நோக்கு நிறுவனங்களும் நடத்த முடியாது என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. கட்சிச் சார்பு தெரிந்த சேனல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் இரவும் பகலும் செய்தி வாசிக்கையில், பெண்கள் குழு ஒன்று பேரூராட்சிக் குடிநீர்க் குழாயைப் பற்றிச் செய்தி சொன்னால் அரசியல் கெட்டுவிடும் என்பது வேடிக்கை.

கைபேசி இருக்க வானொலி எதற்கு என்றும் கேட்கலாம். டவருக்குக் கரண்ட் இருக்கும் வரை நியாயமான கேள்விதான். ஜப்பானியர்களுக்கு இல்லாத கைபேசியா? 1995இல் கோபே நிலநடுக்கம் பார்த்த பிறகு, பேரிடரில் உள்ளாட்சிகளே தற்காலிக வானொலி தொடங்க அவர்கள் வழி செய்தார்கள். 2011 சுனாமியின்போது பல ஊர்களில் அப்படி நிலையங்கள் முளைத்தன. எந்த முகாமில் என்ன கிடைக்கும், எங்கே தண்ணீர் வரும் என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு முகவரி கிடையாது. உரிமம் பெற்ற நிலையத்துக்கு முகவரி உண்டு, பொறுப்பாளர் உண்டு, மூன்று மாதப் பதிவு உண்டு. வதந்திக்குப் பயப்படுகிற அரசு முதலில் அனுமதிக்க வேண்டியது இதைத்தான்.

தடையை நீக்கப் பாராளுமன்றம்கூடக் கூட வேண்டியதில்லை. வழிகாட்டு விதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்லலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்துவிட்டது. 2024இல் சமுதாய வானொலி விதிகளைத் திருத்தி, மணிக்கு 12 நிமிட விளம்பரத்துக்கு அமைச்சகம் இடம் கொடுத்தது, செய்தியைத் தொடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் எஃப்.எம். ஏலத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுப் பட்டியலில் திருவண்ணாமலையும் இருக்கிறது, செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஏலம் எடுப்பவர் கோடிகளைக் கட்டிய பிறகும், இப்போதைய விதி இப்படியே நீடித்தால், கிரிவலத்துக் கூட்ட நெரிசலைப் போக்குவரத்துத் தகவலாகச் சொல்லலாம். அந்த நெரிசலுக்கு யார் பொறுப்பு என்று கேட்க முடியாது.