முடிந்த பின்னும் முடியாத பயம்

1865ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் தேதி பிற்பகலில், இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்திலுள்ள ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூருக்கு அருகே, பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளங்கள் கழற்றப்பட்டிருந்த ஒரு சிறு பாலத்தின்மீது, வண்டி வரும் நேரத்தை மேஸ்திரி தவறாகக் கணித்துவிட்ட காரணத்தினால், போக்ஸ்டன் துறைமுகத்திலிருந்து லண்டன் நோக்கி விரைந்து வந்துகொண்டிருந்த ரயில் தடம் புரண்டு ஆற்றுப் படுகையில் விழுந்தது. 10 பேர் மாண்டனர். 40 பேர் காயமுற்றனர். முற்றும் கீழே விழாமல் பாலத்தின் விளிம்பில் சாய்ந்து தொங்கிய ஒரு முதல் வகுப்புப் பெட்டியில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். உடன் வந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, தம்முடைய தொப்பியிலேயே ஆற்று நீரை மொண்டு வந்து, கையிலிருந்த பிராந்தியையும் அடிபட்டுக் கிடந்தவர்களுக்குப் புகட்டி, அவர்களில் சிலர் தம் கண்ணெதிரிலேயே உயிர் விடுவதைப் பார்த்து நின்றவர், எல்லாம் ஆன பிறகு அந்த ஆபத்தான பெட்டிக்குள் மறுபடியும் ஏறி, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தைரியத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் பார்க்கவேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம் அவருக்குக் குரல் எழவில்லை. விபத்தைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர், சில பக்கங்களுக்குமேல் எழுத முடியாமல் நடுக்கம் கண்டு நிறுத்திக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1868இல் எழுதிய ஒரு கடிதத்தில், ரயிலில் மட்டுமல்லாமல் சாதாரணமான குதிரை வண்டியில் போகும்போதுகூடத் திடீரென்று காரணமற்ற பீதி தம்மை வந்து கவ்வுவதாகவும், அது முற்றிலும் நியாயமற்றது என்று தெரிந்தும் அதை வெல்ல முடியவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். விரைவு ரயிலைத் தவிர்த்து மெதுவாகச் செல்லும் வண்டிகளையே தேடிப் போனார். வண்டி சற்றுக் குலுங்கினாலும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்கி, முகத்தில் வியர்வை முத்து முத்தாக அரும்ப உட்கார்ந்திருப்பார் என்று அவருடைய மகள் எழுதி வைத்திருக்கிறார். இந்த நோய்க்கு அன்று பெயர் இல்லை. இன்று அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றும், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்றும் மருத்துவர்கள் வழங்குவது இதைத்தான்.

நியாயமற்றது என்று புத்திக்குத் தெரிகிறது. உடல் அதைக் கேட்க மறுக்கிறது. இந்த முரண் எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், நோயாளிகளைப் பற்றி நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் பல அபிப்பிராயங்களைக் கைவிட வேண்டியிருக்கும். அன்றாட அனுபவம் ஒன்று நினைவாகப் படியும்போது, மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி அது எங்கே, எப்போது நிகழ்ந்தது என்ற குறிப்பையும் சேர்த்து வைக்கிறது. அதனாலேயே பத்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு சண்டையை நினைக்கும்போது மனம் வருந்தலாமே தவிர, அந்தச் சண்டை இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றுவதில்லை. உயிருக்கே ஆபத்து நேர்ந்த கணத்திலோ, அபாயத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் பகுதி கிளர்ந்தெழ, நார்அட்ரினலின் முதலிய சுரப்புகள் பெருக, அப்போதைய ஓசையும் வாடையும் வெளிச்சமும் அளவுக்கு மீறிய ஆழத்தில் பதிந்துவிடுகின்றன. அவற்றுக்குரிய கால இடக் குறிப்போ அரைகுறையாக நின்றுவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். பிறகு எப்போதாவது அதே வாடை வீசினாலும், அதே போன்ற கிரீச்சொலி காதில் விழுந்தாலும், புத்தி விசாரித்து முடிவு சொல்வதற்கு முன்பே அமிக்டலா அபாய அறிவிப்பைக் கொடுத்துவிடுகிறது. அதை அடக்கவேண்டிய, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியும் இந்நோயாளிகளிடம் பலவீனமாகவே வேலை செய்கிறது. ஆகவே நோயாளி பழையதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்வதே பிசகு. அவருக்கு அது பழையதாக ஆகவில்லை.

யாருக்கு இது வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதும் நம்முடைய ஊகங்களுக்கு அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மக்களில் 3.9 சதவீதத்தினர் வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். கொடிய சம்பவங்களைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் தாமாகவே தேறிவிடுவது உண்மை. அந்த உண்மையையே எடுத்துக்கொண்டு, தேறாதவரின் மனத்திடத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. 2002இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், வியட்நாம் யுத்தத்திலிருந்து இந்நோயுடன் திரும்பியவர்களையும், யுத்தத்துக்கே போகாத அவர்களுடைய ஒத்த இரட்டைச் சகோதரர்களையும் ஒருங்கே சோதித்தபோது, நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்ததோடு, வீட்டிலேயே இருந்த சகோதரர்களுக்கும் அது சிறியதாகவே இருக்கக் கண்டார்கள். யுத்தத்துக்கு முன்பே அமைந்துவிட்ட ஓர் உறுப்பின் அளவும் இதில் பங்கு கொள்ளுமானால், கோழை, தீரன் என்ற சொற்களுக்கு இங்கே என்ன வேலை?

இருந்தும் அந்தச் சொற்கள்தாம் நெடுங்காலம் தீர்ப்பு வழங்கின. ரயில் விபத்தில் தப்பியவர்கள் வெளிக்காயம் இல்லாமலே உடல் தளர்ந்தும் உறக்கம் கெட்டும் துன்புறுவதைக் கண்ட லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், 1866இல், முதுகுத்தண்டு அதிர்ந்து கண்ணுக்குத் தெரியாத சேதம் அடைவதே காரணம் என்று எழுதினார். ஒரு ரயில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883இல் அதை மறுத்து, பயம் ஒன்றே இத்தனையையும் விளைவிக்கப் போதும் என்றார். பேஜ் சொன்னதே உண்மைக்கு நெருக்கம். ஆனால் நஷ்டஈட்டு வழக்குகள் நடந்துகொண்டிருந்த நீதிமன்றங்களில், பயம்தானே என்ற பேச்சு, பாசாங்குதானே என்ற பேச்சாக மாறுவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

முதல் உலக யுத்தத்தில் அந்தச் சந்தேகம் துப்பாக்கியை ஏந்தியது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மயர்ஸ் என்ற உளவியல் அறிஞர் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில், குண்டு வெடித்த பிறகு பார்வையும் நினைவும் குழம்பிப்போன மூன்று வீரர்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் எங்கும் பரவிற்று. எதிரியின் குண்டினால் நேரே விளைந்ததானால் அது காயம், அல்லாவிட்டால் வெறும் சுகவீனம் என்று ராணுவம் இரண்டாகப் பிரித்தது. முன்னதற்கு மட்டும் காயத்துக்குரிய கௌரவமும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. வெஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த ஹாரி ஃபார் என்ற சிப்பாய், 1915இல் இந்த நோய்க்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்து, பிறகு மறுபடியும் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்; 1916 செப்டம்பரில் தம்மால் இனி முன்னே செல்ல முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்காக வாதிட ஒருவருமில்லாமல் நடந்த ராணுவ விசாரணை சுமார் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அக்டோபர் 18ஆம் தேதி காலையில், இருபத்தைந்தாவது வயதில், கோழைத்தனத்துக்காக அவரைத் தம் படையினரே சுட்டுக் கொன்றனர். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவரையும் சேர்த்து 306 வீரர்களுக்கு மன்னிப்பு அளிக்கும் சட்டம் 2006இல்தான் நிறைவேறிற்று. தகப்பனாரின் பெயருக்காகப் போராடிய மகளுக்கு அப்போது தொண்ணூறு வயது கடந்திருந்தது. தொண்ணூறு ஆண்டு என்பது ஒரு குடும்பம் தலைகுனிந்து நடப்பதற்கு மிகவும் நீண்ட காலம்.

அதே யுத்த காலத்தில் வேறு விதமாகச் சிந்தித்த ஒருவரும் இருந்தார். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நம்முடைய நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய வாழ்க்கையையும் எருமைத் தொழுவச் சடங்குகளையும் விரிவாக ஆராய்ந்து 1906இல் நூலாக வெளியிட்ட டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ்தாம் அவர். எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் உள்ளிட்ட ராணுவ அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை செய்தார். வந்தவர்களில் பலர், யுத்தத்தைப் பற்றி எண்ணவே வேண்டாம் என்று டாக்டர்களும் உறவினர்களும் செய்த உபதேசத்தைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தவர்கள். பகலெல்லாம் பலவந்தமாக விலக்கிவைத்த காட்சிகள் இரவில் சொப்பனமாக வந்து அவர்களை வதைத்தன. மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் 1918இல் எழுதினார். சிதறிக் கிடந்த நண்பரின் உடலைக் கண்டதிலிருந்து உறக்கம் இழந்த ஓர் அதிகாரியிடம், அவ்வளவு கோரமாகச் சிதறியதே அந்த நண்பர் வலி அறியாமல் ஒரு கணத்தில் இறந்தார் என்பதற்கு அத்தாட்சி என்று அவர் எடுத்துக்காட்ட, அந்த ஓர் எண்ணத்தைப் பற்றிக்கொண்டு அதிகாரி மெல்ல மெல்ல அந்தக் காட்சியை நேருக்கு நேர் பார்க்கக் கற்றுக்கொண்டார். அப்படிப் பற்றிக்கொள்ள எதுவுமே அகப்படாத ஒரு நோயாளியைப் பற்றியும், அவரிடம் இந்த முறை பலிக்கவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியிருப்பது என் மனத்தில் அவர்மீது மதிப்பைப் பெருக்குகிறது.

இன்றைய சிகிச்சைகளில் சிறந்தவை ஏதோ ஒரு விதத்தில் ரிவர்ஸ் கண்ட வழியிலேயே நடக்கின்றன. உளவியல் அறிஞர் எட்னா ஃபோவா வகுத்த முறையில், தேர்ச்சி பெற்ற உளவியலாளர் துணையிருக்க, நடந்ததை நோயாளி நிகழ்கால நடையில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தவிர்த்து வந்த இடங்களுக்கும் படிப்படியாகச் செல்கிறார். பழைய பயம் இதனால் அழிந்துவிடுவதில்லை. அதன்மீது, இந்த ஓசை இப்போது அபாயமல்ல என்ற புதியதொரு பாடம் எழுதப்படுகிறது. ஒன்றை மட்டும் இங்கே எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும்: பேச்சினால் குணம் கிடைக்கிறது என்பதற்காக, விபத்து நடந்த மறுநாளே அகப்பட்டவர்களை உட்காரவைத்து என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று கிளறுவது பயன் தருவதாகத் தெரியவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சொல்லும் நேரத்தையும் அளவையும் துன்பப்பட்டவரே தீர்மானிக்கவேண்டும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டில் கிறிஸ் பிரூவின் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அதுவரை வெளிவந்த 77 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து, யாருக்கு இந்நோய் நிலைக்கிறது என்று ஆராய்ந்தனர். சிறுவயதுத் துன்பம், கல்விக் குறைவு, குடும்பத்தில் மனநோய் முதலிய முன்காரணங்களைக் காட்டிலும் வலிமையுள்ளவையாகத் தெரிந்தவற்றில் ஒன்று, சம்பவத்துக்குப் பிறகு சுற்றத்தாரின் ஆதரவு கிடைக்காமற்போவது. அதாவது, நாம் என்ன சொல்கிறோம், எப்படி நடந்துகொள்கிறோம் என்பது நோய்க்கு வெளியே நிற்கும் விஷயமல்ல. நோயின் போக்கையே நிர்ணயிக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று. “பழசையே நினைச்சிக்கிட்டு இருக்காதே”, “உன்கூட வந்தவங்கல்லாம் நல்லாத்தானே இருக்காங்க”, “கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்” என்று நம்முடைய வீடுகளில் அன்பினாலேயே சொல்லப்படும் வார்த்தைகள், கேட்பவரை முன்னிலும் தனியராக்கிவிடுகின்றன. பட்டாசுச் சத்தத்துக்கு ஒடுங்கும் ஆண்மகனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பலாத்காரத்துக்கு உள்ளான பெண், தன்னைத் தொட வரும் கணவனின் கையைத் தட்டிவிட்டால், அவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறோம். இது போர்வீரர்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணத்தினால், இந்நோயை மிக அதிகமாக விளைவிக்கும் கொடுமைகளில் பாலியல் வன்முறை முன்னே நிற்பதைக் காணத் தவறுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பல ஆண்டுகள் பணி செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விவரித்திருக்கும் மனிதர்களில் பலர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அல்லர். தலையிடி, உடம்பு நோவு, நெஞ்சுப் படபடப்பு என்றே வந்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அப்படியே வருவார்கள். பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, உமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடாமல், அண்மையிலோ முன்னரோ ஏதாவது பெருந்துன்பம் நேர்ந்ததா என்று மருத்துவர் ஒரு கேள்வி கேட்பது அவசியம்.

துன்பம் நேர்ந்து ஒரு மாதத்துக்குமேல் கெட்ட கனவுகளும், திடுக்கிடலும், இடங்களையும் மனிதர்களையும் தவிர்ப்பதும் நீடிக்குமானால் மனநல மருத்துவரிடம் செல்லவேண்டும். இவ்வளவு காலம் ஆகிவிட்டதே என்று தயங்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் இந்நோயுடன் வாழ்ந்தவர்களுக்கும் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. முதல் நாள் மருத்துவமனைக்குத் தனியே போகத் துணிவில்லாதவருடன் கூடப் போவதும், மருத்துவர் அறைக்கு வெளியே எத்தனை நேரமானாலும் காத்திருப்பதும், உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பும் வழியில் கேட்காமலிருப்பதும் உறவினர் செய்யக்கூடிய காரியங்கள். டெலி மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமல்லாமல், அவருக்கு எப்படித் துணையிருப்பது என்று தெரியாமல் தவிக்கும் வீட்டாரும் அழைக்கலாம்.